டிஎஸ்சி முன்சோதனை: ‘வெடிக்காது’ என்று எழுதும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மோனியம் நைட்ரேட்டைச் சில மில்லிகிராம் எடுத்து, துளையிட்ட மூடி போட்ட அலுமினியக் குரூசிபிளில் (சிறு கிண்ணத்தில்) வைத்து டிஎஸ்சி கருவியில் (சூடேற்றும்போது பொருள் உறிஞ்சும், உமிழும் வெப்பத்தை அளக்கும் கருவி) சூடேற்றிப் பாருங்கள். வரைபடம் முழுக்கப் பள்ளங்கள்தான் வரும். பள்ளம் என்றால் வெப்பத்தை உறிஞ்சுகிறது, முகடு என்றால் உமிழ்கிறது. படிக அமைப்பு மாறும் இடங்களில் சிறு பள்ளங்கள், 170° செ. அருகே உருகும் பள்ளம், அதற்கு மேல் அகலமாக ஒரு பெரிய பள்ளம். ஓட்டம் முடிந்து திறந்தால் குரூசிபிள் காலி. வெப்பம் உமிழ்ந்ததற்கான சுவடே இருக்காது. இந்த வரைபடத்தை மட்டும் நம்பினால் இந்த உப்பு பரம சாது. அதே உப்பை அழுத்தம் தாங்கும் குரூசிபிளில் அடைத்து ஓட்டினால், உருகும் பள்ளத்தைத் தாண்டி மேலே போனதும் கிராமுக்கு ஆயிரம் ஜூலுக்கும் மேல் வெப்பத்தைக் கக்கும். 2001 செப்டம்பர் 21 அன்று துலூஸிலும், 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட்டிலும் ஊரைப் பெயர்த்தது இதே உப்புதான். சென்னை மணலியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் பெய்ரூட்டுக்குப் பிறகுதான் அவசர அவசரமாக ஐதராபாத்துக்கு லாரி ஏறியது.

டிஎஸ்சி முன்சோதனையில் நடக்கும் தவறுகளுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. பெரும்பாலானவை வெப்பத்தைக் குறைத்தோ, சிதைவு தொடங்கும் வெப்பநிலையை உயர்த்தியோதான் காட்டும். அதாவது பிழை பெரும்பாலும் ஒரே பக்கம் சாய்கிறது, அதுவும் ஆபத்தான பக்கம். ஆகவே பயமுறுத்தும் வரைபடத்தைவிட, ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லும் வரைபடத்தைத்தான் அதிகம் துருவிப் பார்க்க வேண்டும்.

விதி சொல்வதும் சொல்லாததும்

ஐக்கிய நாடுகள் அவையின் சோதனைகள், அளவுகோல்கள் கையேட்டின் 6ஆம் பின்னிணைப்பில் இருக்கும் முன்சோதனை விதி சுருக்கமானது. மூலக்கூறில் வெடிக்கும் தன்மையோடு தொடர்புள்ள தொகுதி (அணுக்கூட்டம்) எதுவும் இல்லையென்றால் அந்தப் பொருளை வெடிபொருள் வகுப்புக்கான முழுச் சோதனைக்கு அனுப்பத் தேவையில்லை. தொகுதியில் ஆக்சிஜன் இருந்து, ஆக்சிஜன் சமநிலை (பொருள் முழுதும் எரிய அதனுள் இருக்கும் ஆக்சிஜன் போதுமா என்பதன் அளவு) −200ஐவிடக் கீழே இருந்தாலும் தேவையில்லை. கரிமப் பொருளாகவோ, சீராகக் கலந்த கரிமக் கலவையாகவோ இருந்து, சிதைவு வெப்பம் கிராமுக்கு 500 ஜூலுக்குக் குறைவாகவோ, சிதைவின் தொடக்கம் 500° செ. அல்லது அதற்கு மேலாகவோ இருந்தாலும் தேவையில்லை.

இந்த 500° வரம்பைப் பலரும் தலைகீழாகப் படிக்கிறார்கள். 500 பாகைக்கு மேல் மெதுவாகச் சிதைந்து நிறைய வெப்பம் தரும் சாதாரண கரிமப் பொருள்கள் ஏராளம். அவற்றையெல்லாம் வீணாக வெடிபொருள் பட்டியலில் இழுத்துப் போடாமல் இருக்கத்தான் அந்த வரம்பு.

விதி சொல்லாதது ஒன்று இருக்கிறது. 500 ஜூலைத் தாண்டினால் அது வெடிபொருள் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. டிஎஸ்சியால் ஒரு பொருளை விடுவிக்க முடியும். குற்றவாளி என்று தீர்ப்பளிக்க முடியாது. வெப்பத்தின் அளவை அது காட்டும். அந்த வெப்பம் மைக்ரோ நொடியில் வருமா, பத்து நிமிடத்தில் வருமா, கூடவே எவ்வளவு வாயு வரும், அதிர்ச்சி அலை பொருளுக்குள் ஓடுமா என்பதெல்லாம் 3 மில்லிகிராமில் தெரியாது. ‘டிஎஸ்சியில் 900 ஜூல், ஆகவே வெடிபொருள்’ என்று எழுதுவதும் தவறுதான். அதனால் யாருக்கும் காயம் ஏற்படாது என்பது மட்டுமே ஆறுதல்.

மூலக்கூறைப் பார்க்காமல் கருவியை ஓட்டுவது

முதல் சோதனை தாளில் நடக்க வேண்டும். நைட்ரோ, நைட்ரேட், நைட்ரோசோ, என்-ஆக்சைடு, ஹைட்ராக்சிலமின், அசைடு, டையசோனியம், ஹைட்ரசின், அசோ, பெராக்சைடு, ஓசோனைடு, குளோரேட், பெர்குளோரேட், குளோரமின், அசிட்டிலீன், அசிட்டிலைடு, கார்பன்–உலோகப் பிணைப்பு என்று கையேட்டின் பட்டியல் நீளம். அடிக்கடி தவறவிடப்படுவது எதிர் அயனி. அமின் மூலக்கூறைக் கவனமாக ஆராய்ந்து ‘தொகுதி இல்லை’ என்று குறித்துவிடுவார்கள். பாட்டிலில் இருப்பது அதன் பெர்குளோரேட் உப்பாகவோ நைட்ரேட் உப்பாகவோ இருக்கும். தரவுத்தளத்தில் உப்பின் படம் பாதி மட்டும் வரையப்பட்டிருந்தால் இந்தப் பிழை நிச்சயம். ஐசாக்சசோல் வளையத்திலுள்ள நைட்ரஜன்–ஆக்சிஜன் பிணைப்பும் பட்டியலில் உண்டு. வளையத்துக்குள் இருப்பதால் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

ஆக்சிஜன் சமநிலைக் கணக்கு எளிது. கார்பன் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி, ஹைட்ரஜன் எண்ணிக்கையில் பாதியைக் கூட்டி, ஆக்சிஜன் எண்ணிக்கையைக் கழித்து, −1600ஆல் பெருக்கி, மூலக்கூறு எடையால் வகுக்க வேண்டும். டிஎன்டிக்குக் கார்பன் 7, ஹைட்ரஜன் 5, ஆக்சிஜன் 6; 14 + 2.5 − 6 = 10.5. மூலக்கூறு எடை 227. விடை −74. எளிதாக இருப்பதாலேயே இந்தக் கணக்கைப் பொருந்தாத இடத்திலும் போட்டுவிடுகிறார்கள். பாலிமர் தொழிலில் தொடக்கியாகப் பயன்படும் ஏஐபிஎன்னை எடுத்துக்கொள்ளுங்கள். கார்பன் 8, ஹைட்ரஜன் 12, நைட்ரஜன் 4, மூலக்கூறு எடை 164, ஆக்சிஜன் கிடையாது. கணக்குப் போட்டால் −214 வரும், ‘−200க்குக் கீழே, விட்டுவிடலாம்’ என்று தோன்றும். அந்த விதியோ தொகுதியிலேயே ஆக்சிஜன் இருக்கும் பொருள்களுக்கு மட்டும் உரியது. ஏஐபிஎன்னின் ஆற்றல் அசோ தொகுதியில் இருக்கிறது. அதற்கு ஆக்சிஜன் ஒரு பொருட்டே இல்லை. போக்குவரத்து விதிகளில் அது வெப்பநிலைக் கட்டுப்பாட்டோடு அனுப்ப வேண்டிய, தானே வினைபுரியும் பொருள். அசைடு, டையசோனியம், அசிட்டிலைடு எல்லாவற்றுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

தாளில் போட வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. நைட்ரோ தொகுதி ஒன்று சிதையும்போது மோலுக்குச் சுமார் 310 முதல் 360 கிலோஜூல் வரும். அசைடு 200 முதல் 240. பெராக்சைடு 230 முதல் 360. இதை மூலக்கூறு எடையால் வகுத்தால் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும். மூலக்கூறு எடை 123 உள்ள நைட்ரோபென்சீனுக்குக் கிராமுக்கு 2,500 முதல் 2,900 ஜூல் என்று கணக்கு சொல்கிறது. உங்கள் வரைபடம் 600 காட்டினால், பொருள் திடீரென்று நல்ல பிள்ளை ஆகிவிடவில்லை, குரூசிபிள் ஒழுகியிருக்கிறது. ஒரு பக்கம் கூட நிரம்பாத இந்தக் கணக்கைச் செய்யாமல் கருவியிடம் போவதுதான் எங்கள் பார்வையில் மிகப் பெரிய சோம்பல்.

குரூசிபிள்

பாதிப் பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன.

மூடாத அலுமினியப் பான், துளை மூடி, சாதாரணமாக மடித்து அழுத்திய மூடி மூன்றும் இந்த வேலைக்கு ஆகாது. சாதாரண மூடி சில பார் அழுத்தத்திலேயே விரிந்துவிடும். பொருள் ஆவியாகிப் போனால் இரண்டு கெடுதல்: சிதைய வேண்டியது சிதையாமலே தப்பிவிடும்; ஆவியாதல் உறிஞ்சும் வெப்பம், மிச்சம் சிதைந்து உமிழும் வெப்பத்தை விழுங்கிவிடும். நூறு பார், இருநூறு பார் தாங்கும் தங்க முலாம் பூசிய எஃகுக் குரூசிபிள், அல்லது உருக்கி மூடிய கண்ணாடிக் குழாய் வேண்டும்.

அழுத்தம் தாங்கும் குரூசிபிள் இருந்தால் மட்டும் போதாது, எவ்வளவு போடுகிறோம் என்பதும் கணக்கு. 20 மைக்ரோலிட்டர் குரூசிபிளில் 5 மி.கி. போட்டு, அது முழுவதும் சராசரி மூலக்கூறு எடை 30 உள்ள வாயுவாக மாறினால், 400 பாகையில் உள்ளே ஏறத்தாழ 470 பார் அழுத்தம். எந்தக் குரூசிபிளும் அதற்கு அஞ்சும். 2 மி.கி. என்றால் 190 பார். நிஜத்தில் கரியும் மிஞ்சும் என்பதால் இவ்வளவு வராது. ஆனாலும் நைட்ரோ தொகுதி இரண்டு மூன்று இருக்கும் புதுப் பொருளுக்கு முதல் ஓட்டத்தில் 1 மி.கி.க்கு மேல் போடாமல் இருப்பது உணரியைக் காப்பாற்றும். திரவமானால் விரிவடைய இடமும் விட வேண்டும்.

ஒவ்வொரு குரூசிபிளையும் ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுக்க வேண்டும். மைக்ரோ தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. 3 மி.கி. மாதிரியில் 0.1 மி.கி. குறைந்திருந்தாலும் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிட்டு மறுபடி செய்யுங்கள். ஒழுகலை வரைபடமே சில சமயம் காட்டிக்கொடுக்கும்: ஏறிக்கொண்டிருந்த முகடு நடுவில் கத்தியால் வெட்டியது போல விழும், அல்லது முள் முள்ளாகத் துடிக்கும். மெதுவாகக் கசிந்தால் எதுவும் தெரியாது. அப்போது தராசு ஒன்றுதான் சாட்சி.

அடுத்தது குரூசிபிளின் உலோகம். பெராக்சைடையும் ஹைட்ராக்சிலமினையும் இரும்பு தூண்டிவிடும். வெறும் எஃகில் ஓட்டினால் சிதைவு முன்கூட்டியே தொடங்கும். தங்க முலாமில் கீறல் இருந்தாலும் அடியில் எஃகு காத்திருக்கிறது. ஹைட்ரோகுளோரைடு உப்புகள் சூட்டில் அமிலத்தை விட்டு எஃகைத் தின்னும். அந்த அரிப்பும் வெப்பம் தரும், அதைச் சிதைவு என்று கணக்கில் சேர்த்துவிடுவார்கள். ஆலசன் சேர்மங்கள் அலுமினியத்தோடு வினைபுரியும். சந்தேகம் வந்தால் கண்ணாடியில் ஒன்று, தங்கத்தில் ஒன்று என்று இரண்டு ஓட்டம் எடுத்து ஒப்பிடுவதுதான் வழி. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் குறைவானதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். ஆலையில் அந்தப் பொருள் எஃகுக் கலனில்தான் இருக்கப்போகிறது என்றால், எஃகில் வந்த விடை வெறும் தொல்லை அல்ல, அதுவும் ஒரு தகவல்.

குரூசிபிளுக்குள் அடைபட்ட காற்றையும் மறக்கக் கூடாது. 20 மைக்ரோலிட்டர் காற்றில் ஆக்சிஜன் சுமார் 5.5 மைக்ரோகிராம். கரிமப் பொருளை எரிக்கும்போது ஒரு மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு 13 ஜூல் என்று வைத்தால் 0.07 ஜூல் வரும். மாதிரி 5 மி.கி. என்றால் கிராமுக்கு 14 ஜூல், பொருட்படுத்த வேண்டியதில்லை. மாதிரி 1 மி.கி. என்றால் 70 ஜூல். 500 வரம்பின் அருகே இது பெரிது. வெப்பத்தைக் கூட்டிக் காட்டும் அபூர்வமான பிழைகளில் இது ஒன்று. நைட்ரஜன் அல்லது ஆர்கான் நிரம்பிய பெட்டிக்குள் மூடினால் தீர்ந்தது.

மூடும்போது ஒரு கவனம்: விளிம்பில் ஒட்டிய படிகம் மூடிக்கும் உடலுக்கும் நடுவில் மாட்டி நசுங்கும். உராய்வுக்கு வெடிக்கும் பொருளுக்கு அது போதும். விளிம்பைத் துடைத்துவிட்டு மூடுங்கள். தெரியாத பொருளை உலோகக் கரண்டியால் சுரண்டுவது, கல்வத்தில் அரைப்பது இரண்டும் வேண்டாம்.

மாதிரி யாருடையது?

200 கிலோ பீப்பாய்க்கு 3 மி.கி. பிரதிநிதி. வடிகட்டியில் மேலே இருக்கும் ஈரக் கட்டியும் அடியில் இருக்கும் காய்ந்த தூளும் ஒரே பொருள் அல்ல. கலவையானால் இன்னும் சிக்கல்: ஒரு சிட்டிகையில் ஆக்சிகரணி அதிகம் வரும், அடுத்ததில் வராது. குறைந்தது மூன்று ஓட்டம் எடுத்து, மூன்றும் சிதறினால் சராசரி போடாமல் மாதிரி எடுத்த முறையைத் திருத்துங்கள்.

ஈரம் பெரிய ஏமாற்றுக்காரர். கரைப்பானோடோ நீரோடோ இருக்கும் பொருளில் வெப்பத்தை மொத்த எடையால் வகுக்கும்போது எண் சுருங்கிவிடும். 30 விழுக்காடு நீர் உள்ள கட்டியில் கிராமுக்கு 450 ஜூல் வந்தால், காய்ந்த பொருளுக்கு அது 640. கிடங்கில் மூடி தளர்ந்த பீப்பாய் காய்ந்துபோகாது என்று யார் உத்தரவாதம்? பெப்டைடு வேலையில் பயன்படும் ஹைட்ராக்சிபென்சோட்ரையசோல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நீரற்ற வடிவம் வெடிபொருள் வகுப்பில் ஐ.நா. எண் 0508 பெறுகிறது. ஒற்றை நீரேறி (மூலக்கூறு ஒன்றுக்கு ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த வடிவம்), எண் 3474 பெற்று, எளிதில் தீப்பற்றும் திடப்பொருள் வகுப்புக்கு இறங்கிவிடுகிறது. நடுவில் இருப்பது 12 விழுக்காட்டுக்குச் சற்றே குறைவான நீர். பாட்டில்மேல் ஒரே பெயரை எழுதி இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கும் ஆய்வகத்தில், எதைச் சோதித்தோம் என்றே சொல்ல முடியாது.

1999 பிப்ரவரி 19 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஹைட்ராக்சிலமின் நீர்க்கரைசலை வடித்துச் செறிவாக்கிக்கொண்டிருந்த ஆலை வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். கடைக்குப் போகும் கரைசலைவிட, தொட்டிக்குள் வடிப்பின் நடுவே நின்ற கரைசல் பல மடங்கு ஆபத்தானது. போக்குவரத்துக்கான வகைப்பாடு என்றால் அனுப்பும் வடிவத்தைச் சோதிக்க வேண்டும். ஆலைப் பாதுகாப்புக்கு என்றால் வழியில் அந்தப் பொருள் எடுக்கும் மிக மோசமான வடிவத்தைச் சோதிக்க வேண்டும். ஒன்றுக்கு எடுத்த வரைபடத்தை மற்றதற்கு ஒட்டுவது வழக்கமான பிழை.

தொடக்க வெப்பநிலை என்ற மாயை

உருகுநிலை போல, சிதைவுத் தொடக்கமும் பொருளின் சொந்தக் குணம் என்று நினைக்கிறார்கள். அது கருவியும் சூடேற்றும் வேகமும் சேர்ந்து உண்டாக்கும் எண். கிளர்வு ஆற்றல் மோலுக்கு 150 கிலோஜூல் உள்ள ஒரு சிதைவு, 230 பாகை அருகே நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை நிமிடத்துக்கு 2 பாகையிலிருந்து 10 பாகையாக்கினால் முகடு சுமார் 22 பாகை மேலே நகரும். கையேடு நிமிடத்துக்கு 2 முதல் 5 பாகை என்றுதான் சொல்கிறது. மதிய உணவுக்குள் முடிய வேண்டும் என்று 20 பாகையில் ஓட்டிய வரைபடத்துக்கு இந்த விதியில் இடமில்லை. அறிக்கையில் வேகத்தைக் குறிக்காமல் தொடக்க வெப்பநிலையை மட்டும் எழுதுவது, நாணயம் சொல்லாமல் விலை சொல்வது.

எந்தத் தொடக்கம் என்பதும் சிக்கல்தான். அடிக்கோட்டை விட்டுக் கோடு முதலில் எழும் புள்ளி ஒன்று. முகட்டின் செங்குத்தான பகுதிக்குத் தொடுகோடு வரைந்து, அது நீட்டிய அடிக்கோட்டைச் சந்திக்கும் புள்ளி இன்னொன்று. கையேடு கேட்பது இரண்டாவது. இரண்டுக்கும் நடுவே 30, 40 பாகை கூட இருக்கலாம். மென்பொருள் தானாகத் தருவது தொடுகோட்டுப் புள்ளி. அதை எடுத்துக்கொண்டுபோய் ‘இதற்குக் கீழே எதுவும் நடக்காது’ என்று ஆலையில் சொல்லும்போதுதான் விபரீதம் தொடங்குகிறது.

சாதாரண டிஎஸ்சிக்குக் கிலோவுக்கு 10 வாட் அளவுக்குக் குறைவான வெப்பம் கண்ணில் படாது. பத்து வாட் என்பது சின்ன எண்ணாகத் தோன்றலாம். வெப்பம் வெளியேற வழியில்லாத பெரிய தொட்டியில், பொருளின் வெப்ப ஏற்புத்திறன் கிராமுக்கு, பாகைக்கு 2 ஜூல் என்றால், அது மணிக்கு 18 பாகை ஏற்றம். அதாவது டிஎஸ்சி ‘இப்போதுதான் தொடங்குகிறது’ என்று சொல்லும் வெப்பநிலையில் தொட்டி ஏற்கெனவே கைமீறிக்கொண்டிருக்கும்.

இதைச் சமாளிக்கத்தான் ‘தொடக்கத்திலிருந்து 100 பாகை கழித்துக்கொள்’ என்ற பழைய வாய்ப்பாடு வந்தது. சில பொருள்களுக்கு 100 அதிகம், சிலவற்றுக்குப் போதாது. இத்தாலியின் செவேசோவில் 1976 ஜூலை 10 அன்று நடந்த ரசாயன ஆலை விபத்தை நினைத்துப் பார்க்கலாம். வினைக் கலவையை 158 பாகையில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்போது அறிந்திருந்த வெப்ப உமிழ்வு 230 பாகை அருகே. 70 பாகை இடைவெளி போதும் என்றே தோன்றியிருக்கும். பின்னாளில் நுட்பமாக அளந்தபோது 180 பாகை அருகிலேயே ஒரு மெல்லிய உமிழ்வு தென்பட்டது.

தன்னைத் தானே தூண்டிக்கொள்ளும் சிதைவுகளுக்கு இந்த வாய்ப்பாடு சுத்தமாகப் பொருந்தாது. டைநைட்ரோடொலுவீன் போன்ற நைட்ரோ நறுமணச் சேர்மங்கள் நீண்ட நேரம் அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென்று எகிறும். ஏறுமுக ஓட்டத்தில் இவற்றின் முகடு ஊசி போலக் கூராக, மிக உயர்ந்த வெப்பநிலையில் தெரியும். கூரான முகட்டைக் கண்டால், தொடக்கத்துக்கு 30, 40 பாகை கீழே நிலையான வெப்பநிலையில் பல மணிநேரம் வைத்துப் பாருங்கள். வெப்பம் முதலிலிருந்தே குறைந்துகொண்டு வந்தால் சாதாரணச் சிதைவு. நேரம் கழித்து மேடாக எழுந்தால் தன்னூக்கம். சூட்டில் ஊறவைத்த மாதிரியையும் புதிய மாதிரியையும் அடுத்தடுத்து ஓட்டி, ஊறியதன் முகடு கீழே இறங்குகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி.

பரப்பை அளக்கும்போது

ஓட்டத்தை 300 பாகையில் நிறுத்திவிட்டு ‘சிதைவு இல்லை’ என்று எழுதாதீர்கள். குரூசிபிள் தாங்கும்வரை, முடிந்தால் 500 பாகைவரை போக வேண்டும். 2007 டிசம்பர் 19 அன்று புளோரிடாவின் ஜாக்சன்வில்லில் நால்வரைக் கொன்ற விபத்தில், விரும்பிய வினைக்கு மேலே, 199 பாகையைத் தாண்டினால் சோடியமும் கரைப்பானும் வினைபுரியும் இரண்டாவது உமிழ்வு ஒன்று ஒளிந்திருந்தது. வேலை செய்யும் வெப்பநிலைவரை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

முகடு இரண்டு மூன்று இருந்தால் முதலாவதை மட்டும் அளப்பதும் உண்டு. நடுவில் கோடு அடிக்கோட்டைத் தொடாமல் இறங்கி ஏறினால் எல்லாவற்றையும் சேர்த்தே அளக்க வேண்டும். உருகும் பள்ளத்தின் வாலிலேயே உமிழ்வு தொடங்கினால், பள்ளம் முகட்டின் ஒரு பகுதியைத் தின்றிருக்கும்; அந்த எண் குறைந்தபட்சம்தான் என்று குறித்துவையுங்கள். அடிக்கோட்டை எங்கே நட்டோம் என்பதிலேயே பத்து விழுக்காடு ஆடும். ஆகவே 480 ஜூல் வந்துவிட்டது, 500க்குக் கீழே என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. வரம்புக்குப் பத்து விழுக்காடு அருகில் வரும் எதையும் தாண்டியதாகவே கொள்ளுங்கள்.

அளவுத்திருத்தத்தை அலுமினியப் பானில் செய்துவிட்டு, சோதனையைக் கனமான எஃகுக் குரூசிபிளில் செய்வதும் அடிக்கடி நடக்கிறது. இண்டியம் 156.6 பாகையில் உருகும், கிராமுக்கு 28.5 ஜூல் கொள்ளும், துத்தநாகம் 419.5 பாகை. இரண்டையும் அதே வகைக் குரூசிபிளில், அதே வேகத்தில் ஓட்ட வேண்டும்.

யோஷிதா சமன்பாட்டில் அலகுச் சறுக்கல்

ஜப்பானில் 1987இல் வெளியான யோஷிதா தொடர்பு, டிஎஸ்சி எண்களிலிருந்து வெடிப்பு பரவுமா என்று மதிப்பிடுகிறது: லாக்(வெப்பம்) − 0.38 × லாக்(தொடக்கம் − 25) − 1.67. விடை பூஜ்யமோ அதற்கு மேலோ என்றால் எச்சரிக்கை. அதிர்ச்சிக்கு எளிதில் வெடிக்குமா என்பதற்கு 0.38க்குப் பதில் 0.72, 1.67க்குப் பதில் 0.98. வெப்பம் கிராமுக்குக் கலோரியில் இருக்க வேண்டும் என்பதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். 800 ஜூல், 200 பாகை என்று வையுங்கள். 800 ஜூல் என்பது 191 கலோரி. பரவல் மதிப்பு −0.24. ஜூலையே போட்டால் +0.38. இந்த முறை பிழை பயப்படும் பக்கம் விழுந்தது. ஆனால் ஒரு நிறுவனத்தில் எல்லாப் பொருளும் சிவப்பாகவே வந்தால் யாரும் சிவப்பை மதிக்க மாட்டார்கள்.

மருந்துத் துறையில் குணகங்களைக் குறைத்து, 0.38க்கு 0.285 என்றும் 0.72க்கு 0.54 என்றும் வைத்த கெடுபிடியான வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. மேலே சொன்ன அதே பொருளுக்கு அது −0.03 தரும், அதாவது வரம்பின் விளிம்பு. ஒரே பொருள், ஒரே வரைபடம், இரண்டு மனநிலை. எந்த வடிவத்தைப் பயன்படுத்தினோம் என்பதை அறிக்கையில் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை. விடை எதிர்மறையாக வந்ததற்காக 500 ஜூல் விதியை மீறவும் முடியாது. இது மதிப்பீடு, அது அளவுகோல்.

டிஜிஏவை (சூடேற்றும்போது எடை மாறுவதை அளக்கும் கருவி) மட்டும் வைத்து முடிவு சொல்வது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எடை குறைந்தது தெரியும். ஆவியானதா, சிதைந்ததா, சிதைந்தால் வெப்பம் வந்ததா என்பது தெரியாது. கருவியும் திறந்தது. துணைக்கு வைத்துக்கொள்ளலாம்.

எண் வந்த பிறகு

500க்குக் கீழே வந்ததும் கோப்பை மூடிவிடுவது கடைசிச் சறுக்கல். தானே வினைபுரியும் பொருள்களுக்கான வரம்பு 300 ஜூல். 300க்கும் 500க்கும் நடுவில் நிற்கும் பொருள் வெடிபொருள் வகுப்பிலிருந்து தப்பினாலும், 50 கிலோ பொதியில் தானே சூடேறிச் சிதையத் தொடங்கும் வெப்பநிலை 75 பாகைக்கு மேலே என்று காட்டாதவரை தானே வினைபுரியும் பொருள்கள் அடங்கும் 4.1 வகுப்பின் கேள்வி தொங்கிக்கொண்டே இருக்கும். மிக மிதமாகத் தெரியும் 500 ஜூலே, வெப்பம் வெளியேறாவிட்டால் பொருளை 250 பாகை உயர்த்தப் போதுமானது.

500ஐத் தாண்டினால் அடுத்தது இரண்டாம் வரிசைச் சோதனைகள்: எஃகுக் குழாயில் அதிர்ச்சி அலை பரவுமா என்று பார்க்கும் இடைவெளிச் சோதனை, துளைத் தட்டோடு எஃகுக் குழாயில் சூடேற்றும் கோனன் சோதனை, அழுத்தம் 690இலிருந்து 2,070 கிலோபாஸ்கலுக்கு ஏற எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று பார்க்கும் நேர–அழுத்தச் சோதனை. கரிமப் பொருளின் சிதைவு வெப்பம் 800 ஜூலுக்குக் குறைவு என்றால் இடைவெளிச் சோதனையைத் தவிர்க்கலாம். மற்ற இரண்டைத் தவிர்க்க முடியாது. இவற்றுக்கெல்லாம் கிராம் கணக்கிலிருந்து கிலோ கணக்குவரை பொருள் தேவை. அவ்வளவு பொருளைத் தயாரித்து, நிறுத்து, பொதிந்து அனுப்பும் முன்பே, சில மில்லிகிராமிலும் கிராமிலும் முடிந்துவிடும் மூன்றாம் வரிசைச் சோதனைகளைச் செய்துவிட வேண்டும்: விழும் சம்மட்டி, உராய்வு, 75 பாகையில் 48 மணிநேரம், சிறு அளவில் எரித்துப் பார்ப்பது. விழும் சம்மட்டிச் சோதனையில் 2 ஜூலிலோ, உராய்வுச் சோதனையில் 80 நியூட்டனுக்குக் குறைவிலோ வினைபுரிந்தால், அந்தப் பொருளைச் சோதித்த வடிவில் வண்டியில் ஏற்றவே கூடாது. டிஎஸ்சியில் அது எத்தனை ஜூல் காட்டியது என்பது அங்கே எடுபடாது.